மூடுபனிக்கு நடுவே வறண்ட கூண்டு: கேள்வி பதில்

பாம்புக் கூண்டின் ஈரப்பதம் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கோத்தகிரியில் பல ஆண்டுகளாகப் பால் பைத்தான்களும் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) கார்ன் பாம்புகளும் (corn snake, நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு) வளர்த்து வருபவன் என்ற முறையில், அந்த இரண்டைப் பற்றி மட்டுமே உறுதியாகப் பேசுவேன்.

உதகை: எங்கள் வீட்டில் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது, சுவரெல்லாம் பூஞ்சை. அப்படியிருந்தும் என் பால் பைத்தான் சட்டையைத் துண்டு துண்டாக உரிப்பது ஏன்?

உங்கள் வீடு ஈரமாக இருக்கிறது, கூண்டு வறண்டிருக்கிறது. மலையில் பாம்பு வளர்க்கும் எல்லாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று முழுமையாக நனைந்திருந்தாலும் அதில் இருப்பது 9 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவிதான். அதே அளவு காற்று 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். சன்னலுக்கு வெளியே 100 சதவீத ஈரத்தோடு நிற்கும் மேகம் கூண்டுக்குள் நுழைந்து, வெப்பத் தகட்டின் மேல் 30 டிகிரிக்குச் சூடாகும்போது, ஒரு துளி நீரும் குறையாமலேயே அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதமாக இறங்கிவிடுகிறது. உறைபனி விழும் சனவரி இரவுகளில் நிலைமை இன்னும் மோசம். பால் பைத்தானுக்கு அன்றாடம் 60 சதவீதத்தை ஒட்டியும், கண்ணில் பால் படர்ந்து சட்டை உரிக்க ஆயத்தமாகும் நாட்களில் 70-க்கு மேலும் வேண்டும். கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 வரை போதும்.

கூண்டின் மேல்மூடி கம்பிவலையாக இருந்தால், சூடான ஈரக்காற்று முழுவதும் அந்த வழியே வெளியேறிவிடும். வலையில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள்.

குன்னூர்: என் ஈரமானி 60 காட்டுகிறது. இருந்தும் வால் நுனியில் பழைய தோல் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது முள் வைத்த வட்டமானியாக இருக்குமானால், அதை நம்பாதீர்கள். என் முதல் பைத்தானுக்குக் கடைக்காரர் தந்த வட்டமானி மாதக்கணக்கில் 60-லேயே நின்றது. அதை வெயிலில் வைத்தபோதும் முள் அசையாததைக் கண்ட பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. டிஜிட்டல் மானி வாங்குங்கள், அதையும் சோதியுங்கள். சோடா பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் வைத்து இறுக மூடி, அறைக்குள் 12 மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். மானி 75 காட்ட வேண்டும். 82 காட்டினால், அன்று முதல் அந்த மானி சொல்லும் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல்: ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிக்க வேண்டும்?

தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தெளித்த நீர் மேற்பரப்பை நனைத்து, மானியை ஒரு மணி நேரம் மகிழ்வித்து, பிறகு காய்ந்துவிடும். பாம்பின் வயிற்றுச் செதில்களோ ஈரத்திலேயே கிடந்து அழுகத் தொடங்கும். தேங்காய் மட்டைச் சில்லும் நார்க்கழிவும் கலந்து ஒரு சாண் உயரத்துக்கு நிரப்புங்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டிகளை உப்புப் போக இரண்டு முறை அலசிப் பிழிந்த பின் பயன்படுத்துங்கள். நான்கு மூலைகளிலும் கையை அடிவரை நுழைத்து வழிவிட்டு, அதில் தண்ணீரை ஊற்றுங்கள். அடி நனைந்திருக்க வேண்டும், மேல் இரண்டு விரல் அளவு உலர்ந்திருக்க வேண்டும்.

கொடைக்கானல் (வேறொருவர்): பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் நாடுகளின் வறண்ட புல்வெளியிலிருந்து வருவது. அதற்கு 60 சதவீதம் என்பது மிகை. நான் ஆறு ஆண்டுகளாக 40-ல் வளர்க்கிறேன்.

ஊர் சரி, முடிவு சரியல்ல. அந்தப் பாம்பு பகல் முழுவதையும் புல்வெளியில் கழிப்பதில்லை. எலி வளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் சுருண்டு கிடக்கிறது. புற்று எவ்வளவு ஈரமானது என்பதை அதை ஒரு முறை வெட்டிப் பார்த்த எந்த உழவரும் சொல்வார். நாம் அளக்க வேண்டியது வளைக்குள் இருக்கும் காற்றை.

அவரே மீண்டும்: உரிக்கும்போது மட்டும் அரை மணி நேரம் வெந்நீரில் விடுகிறேன். மூன்று துண்டாக வந்தாலும் தோல் வந்துவிடுகிறது. ஒரு பாதிப்பும் இல்லை.

மூன்று துண்டாக வருவதே பாதிப்பு. நலமான பாம்பின் சட்டை, காலுறையைக் கழற்றியதுபோல் மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, உள்பக்கம் வெளியே திரும்பியபடி வரும். ஒவ்வொரு முறையும் வெந்நீர் தேவைப்படுகிறது என்றால், ஆறு ஆண்டுகளாக அந்த உயிர் உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கோத்தகிரி: கூண்டு 40-ல் இருந்தாலும், உள்ளே ஓர் ஈரப் பெட்டி வைத்தால் போதாதா?

இது நல்ல கேள்வி. முந்தையவரின் வாதத்தில் இருக்கும் நியாயமும் இதுதான். நீரை நிறையத் தேக்கும் ஸ்பாக்னம் பாசியை ஈரமாக நிரப்பிய மறைவிடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் பாம்பு தானே தேர்ந்துகொள்ளும் ஈரமே சிறந்தது. ஆனால் நம் மலைக் குளிரில் கூண்டின் ஈரம் எளிதில் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது பாம்பு ஈரத்துக்காக வெப்பத்தை விட வேண்டும், அல்லது வெப்பத்துக்காக ஈரத்தை விட வேண்டும். ஈரப் பெட்டியை வெப்பத் தகட்டுக்கு அருகே வைத்து, கூண்டையும் 55-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் உங்கள் யோசனை சரியே.

உதகை: மூடுபனி நாட்களிலும் ஈரம் சேர்க்க வேண்டுமா?

வேண்டும். முதல் பதிலைப் படியுங்கள்.

குன்னூர்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதெல்லாம் தேவையில்லைதானே?

முதல் பதிலே இதற்கும் பதில்.

கூடலூர்: எங்களுக்கு நேர்மாறான சிக்கல். ஆடி மாதத்தில் கூண்டு 90-ஐத் தாண்டுகிறது.

உங்கள் ஊர் தாழ்ந்தது, காற்றும் வெதுவெதுப்பானது. மேலே உள்ளவர்களுக்குச் சொன்னதை நீங்கள் பின்பற்றக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, மேல்மூடியைத் திறந்த வலையாக்கி, அடிப்பரப்பை வாரம் ஒரு முறை கிளறி உலர்த்துங்கள். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும். பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி கட்டினாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பூம்பாறை: பூண்டுத் தோட்டத்தில் கொத்தும்போது ஒரு கேடயவால் பாம்பு கிடைத்தது. சோலையிலிருந்து பாசி எடுத்து வந்து பெட்டியில் வைத்திருக்கிறோம். எவ்வளவு ஈரம் வேண்டும்?

அதைப் பிடித்த இடத்திலேயே இன்று மாலைக்குள் விட்டுவிடுங்கள். நம் காட்டுப் பாம்பைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டிலிருந்து பாசி எடுப்பதும் தவறு. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பாம்புக் குடும்பம் அது. வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களும் கவனிக்கவும்: பால் பைத்தான் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

கோத்தகிரி: சட்டை உரிந்துவிட்டது, ஆனால் ஒரு கண் மங்கலாகவே இருக்கிறது. இடுக்கியால் எடுக்கலாமா?

கூடவே கூடாது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் ஒளிபுகும் ஒரு செதில் மட்டுமே உண்டு, அதற்குக் கீழே நேராகக் கண். முதலில் உரிந்த சட்டையின் தலைப்பகுதியை நனைத்து விரித்து, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண் இடங்களிலும் கடுகைவிடச் சற்றுப் பெரிதான, வளைந்த கண்ணாடிச் சில்லு போன்ற வட்டங்கள் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் வெறும் ஓட்டை இருந்தால், அந்தச் செதில் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று பொருள். கூண்டை 70-க்கு உயர்த்தி, ஈரப் பெட்டியில் புதிய பாசி வைத்து, அடுத்த உரிப்பு வரை காத்திருங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர் கை மட்டுமே அதைத் தொடட்டும்.