ரீமேப் செய்தால் டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: என்னிடம் எட்டு ஆண்டுப் பழைய 2.2 லிட்டர் டீசல் கார் இருக்கிறது, ஆட்டோ கியர். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும். முன்பு 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்த வண்டி, இந்த ஓராண்டாக 8 லிட்டர் குடிக்கிறது. இன்ஜினை ரீமேப் செய்தால் 15 விழுக்காடு டீசல் மிச்சமாகும், 1,800 ரிங்கிட் ஆகும் என்கிறது ஒரு பட்டறை. செய்யலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 3.35க்குத் தாவியது. அன்று முதல் இந்தக் கேள்வி வராத மாதமே எனக்கு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது வேறு: ஏழு ஏன் எட்டானது? ஒழுங்காக ஓடிய வண்டி கூடுதலாகக் குடிக்கிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் ரீமேப் செய்வது, காய்ச்சலில் படுத்திருப்பவனை எழுப்பி ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போல.

ரீமேப் என்றால் என்ன? இன்ஜினை ஆளும் கணினிக்குள் எண்கள் நிறைந்த அட்டவணைகள் இருக்கின்றன. இந்த வேகத்தில், பெடலை இவ்வளவு மிதித்தால், இவ்வளவு டீசல் பீய்ச்சு, டர்போ இவ்வளவு காற்றை அழுத்தட்டும் என்று அவை சொல்லும். ரீமேப்பில் அந்த எண்களைத் திருத்துகிறார்கள். பெரும்பாலும் திருத்துவது இன்ஜின் பலமாக இழுக்க வேண்டிய இடங்களில்தான். நீங்களோ காலையில் ஜூருவிலும் பிறகு பாலத்திலும் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இன்ஜின் தன் பலத்தில் சிறு பங்கை மட்டுமே பயன்படுத்துகிறது. அங்கே மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

கைமுறை கியர் வண்டியில் சற்றுப் பயன் உண்டு. கீழ்வேகத்திலேயே இழுவை கூடுவதால் மேல் கியருக்குச் சீக்கிரம் போகலாம். பிளஸ் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு 5 விழுக்காடு கிடைத்தால் பெரிது என்பேன். உங்களுடையது ஆட்டோ, கியர் மாற்றும் நேரத்தை முடிவு செய்வது வேறொரு கணினி.

டீசலை உண்மையாகவே மிச்சப்படுத்தும் திருத்தம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் பீய்ச்சும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளினால் இன்ஜின் சிக்கனமாகும். ஆனால் எரியும் வெப்பம் கூடி, புகையில் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நச்சுப்புகைக் கட்டுப்பாட்டுக்காகத்தான் கொஞ்சம் சிக்கனத்தைக் கைவிடுகிறார்கள். சோதனையில் மட்டும் புகையை அடக்கி, சாலையில் அவிழ்த்துவிட்டதற்குத்தான் 2015இல் ஃபோக்ஸ்வேகன் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது.

இனி கணக்கு. டீசல் விலை ஏறி இறங்குவதால் லிட்டர் 3 ரிங்கிட் என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 120 லிட்டர், 360 ரிங்கிட். பட்டறை சொல்லும் 15 விழுக்காடு அப்படியே கிடைத்தால் மாதம் 54 ரிங்கிட். போட்ட பணம் திரும்ப இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். 5 விழுக்காடு என்றால் மாதம் 18 ரிங்கிட்தான்; 1,800 ரிங்கிட்டை எடுக்க நூறு மாதம். அப்போது வண்டிக்குப் பதினாறு வயது தாண்டியிருக்கும்.

"செய்தவர்கள் மிச்சம் என்கிறார்களே" என்பீர்கள். என் மைத்துனரும் அப்படித்தான் சொன்னார். ரீமேப்புக்கு முன் கோலாலம்பூர் பயணத்தில் அவருடைய வண்டித் திரை 7.4 லிட்டர் காட்டியது, பின்பு 6.6. வாய் நிறையச் சிரிப்பு. அடுத்த பயணத்தில் நான் பின்சீட்டில் ரசீதும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 360 கிலோமீட்டர் ஓடிய பின் நிரப்பியது 27 லிட்டர். வகுத்துப் பாருங்கள், 7.5. முன்பு இதே வழியில் இதே முறையில் நான் கணக்கிட்டபோது 7.6 வந்திருந்தது.

காரணம் எளிது. காரில் டீசலை அளக்கும் கருவி தனியாகக் கிடையாது. இன்ஜெக்டருக்கு எவ்வளவு பீய்ச்சச் சொன்னோம் என்பதைக் கூட்டித்தான் கணினி திரையில் காட்டுகிறது. ரீமேப் செய்தவர் அந்த அட்டவணையைத் தொட்டிருந்தால், உள்ளே போவது ஒன்று, திரையில் தெரிவது ஒன்று. ஆகவே ஒரே எண்ணெய் நிலையத்தில், ஒரே பம்ப்பில், துப்பாக்கி முதல்முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, மூன்று டாங்கிக்குக் கணக்கு எழுதுங்கள். எட்டு லிட்டர் என்பதே திரையைப் பார்த்துச் சொன்னதா, பம்ப்பைப் பார்த்துச் சொன்னதா?

பிறகு நல்ல டீசல் மெக்கானிக்கிடம் போங்கள். டயர் காற்று, காற்று வடிகட்டி, இழுத்துப் பிடிக்கும் பிரேக் ஆகியவை ஐந்து நிமிட வேலை. டர்போ குழாயில் கசிவு இருந்தால் முடுக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் வரும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறாமலே ஓடி டீசலைத் தின்னும். வெப்பநிலை முள் நடுவுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். வண்டியில் டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி இருந்து, நெரிசலிலேயே ஓடினால், சேர்ந்த கரியை எரிக்க அடிக்கடி கூடுதல் டீசல் பீய்ச்சும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டிப் பாருங்கள். எட்டு மறுபடி ஏழானாலே மாதம் 45 ரிங்கிட் மிச்சம்.

இழுவைக்காக ரீமேப் ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. அதில் ஏமாற்றம் இருக்காது. ஆனால் டர்போவுக்கும் கியர் பெட்டிக்கும் சுமை கூடும், காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். திருத்துவதற்கு முன் கணினியில் இருந்த மூல நிரலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "15 விழுக்காடு" என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்து பொய்த்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம். எழுதித் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

கேள்வி: பி7 டீசல் பி10ஐவிட 20 சென் அதிகம். அதைப் போட்டால் கூடுதல் தூரம் ஓடுமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: பம்ப்பில் தெரியும் அளவுக்கு ஓடாது அம்மா. பி10இல் 10 விழுக்காடும் பி7இல் 7 விழுக்காடும் செம்பனை டீசல் கலந்திருக்கிறது. செம்பனை டீசலில் எரிசக்தி சற்றுக் குறைவுதான். ஆனால் மூன்று விழுக்காட்டு வித்தியாசத்தால் தூரம் கூடப்போவதில்லை. 2021 ஏப்ரல் முதல் இரண்டுமே யூரோ 5 தரம். கையேட்டில் "பி7 வரை மட்டும்" என்று இருந்தால் பி7 போடுங்கள், இல்லாவிட்டால் அந்த 20 சென் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.