ரேமைக் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறுமா?

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். கோர் ஐ5-7200யூ, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11-க்கு மாறப் பார்த்தால் தகுதியில்லை என்று வருகிறது. ரேமை 16 ஜிபி ஆக்கினால் ஏறிவிடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? டேலி, பில் வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: ரேமுக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம்தான். உங்களுக்கு இடிப்பது ப்ராசஸர். 7200 என்பதில் முதலில் நிற்கும் 7 தான் தலைமுறை எண். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. 7-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களுக்கு மட்டும் விலக்கு, அதில் உங்களுடையது இல்லை. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. வேகம் போதாமல் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பையும் நம்பகத்தன்மையையும் காரணமாகச் சொல்லி மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு அது. கொஞ்சம் கறாரான கோடுதான்.

ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனையைத் தாண்டி ஏற்றிவிடலாம். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். லினக்ஸும் உங்களுக்குத் தோதுப்படாது, டேலி விண்டோஸில்தான் நேரடியாக ஓடும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆனால் ஈஎஸ்யூ என்ற நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. ரேமுக்கு வைத்திருந்த பணத்தில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். டேலி திறக்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். அடுத்த லேப்டாப் வாங்கும்போது இதே எஸ்எஸ்டியை ஒரு உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

8-ஆம் தலைமுறைக்கு மேல் இருந்தும் தகுதியில்லை என்று வந்தால் கதை வேறு. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது சகஜம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி போர்டிலேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பு வசதிக்காக யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றும் முன், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எம்பிஆர் வடிவில் இருக்கும்போது மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது.

பழைய லேப்டாப் வாங்கப் போனால் மேலே ஒட்டியிருக்கும் ‘ஐ7’ ஸ்டிக்கரில் மயங்காமல், செட்டிங்ஸில் முழு மாடல் எண்ணைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 6-ஆம் தலைமுறை ஐ7-க்கு இல்லாத அனுமதி 8-ஆம் தலைமுறை ஐ3-க்கு உண்டு.