அந்நிய வீட்டில் மகள் எப்படி இருப்பாள்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலுள்ள கூட்டாளிப் பள்ளிக்குப் போகிறாள். முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்க வேண்டுமாம். கூச்ச சுபாவம் உள்ளவள். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. மாணவர்களை இப்படிப் பல முறை அழைத்துப் போன ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பயணத்தின் உயிரே அந்த வீடுதான். நூற்றாண்டுப் பகையை மறக்க நினைத்த பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் ஒப்பந்தம் போட்ட கையோடு, இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கின. பிள்ளைகள் பழகினால் நாடுகள் பழகும் என்று நம்பினார்கள். நானும் நம்புகிறேன்.

கூச்சம் பெரிய தடையல்ல. என் மாணவி ஒருத்தி முதல் நாள் வாயே திறக்கவில்லை. மறுநாள் இரவு, கழுவிய தட்டுகளைத் துடைக்க அவளாகவே துணியை எடுத்தாள். அந்த வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து நின்று, எந்தத் தட்டு எந்த அலமாரிக்கு என்று கைகாட்டினாள். பேச்சு அங்கே தொடங்கியது. ஆகவே சின்ன வேலைகளில் கைகொடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

தினமும் அழைக்காதீர்கள். மணிக்கொரு முறை அம்மாவின் குரல் கேட்டால் பிள்ளையின் மனம் அங்கே ஒட்டாது.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் தயாராக வையுங்கள். வழக்கமான மருந்துகள் இருந்தால், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் போகட்டும்.