பில் சேவையில் சேர்ந்த பிறகு அஞ்சல்கள் ஸ்பாமுக்குப் போவது ஏன்?

கேள்வி: எங்கள் கைத்தறி நிறுவனத்தின் சொந்த டொமைனில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் வழியாக மின்னஞ்சல் வைத்திருக்கிறோம். அண்மையில் பில் அனுப்புவதற்கென வேறொரு சேவையில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த எஸ்பிஎஃப் பதிவையும் (எங்கள் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று சொல்லும் வரி) டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொது விவரப் பதிவேடு) சேர்த்தோம். அதிலிருந்து எங்கள் வழக்கமான அஞ்சல்கள்கூட ஸ்பாமுக்குப் போகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் டொமைனில் இப்போது இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; ஒன்றுக்கு மேல் கண்டால், பெறும் சர்வர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், நிரந்தரப் பிழை என்று முடிவு செய்துவிடும். ஆகவே புதிய பதிவை நீக்கிவிட்டு, அதிலிருந்த ‘இன்க்ளூட்’ (include) பகுதியை, அதாவது அந்தச் சேவையின் சர்வர்களையும் அனுமதிக்கும் பகுதியை மட்டும் பழைய பதிவில், கடைசியில் வரும் ‘ஆல்’ (all) என்பதற்கு முன்னால் சேருங்கள். ஒரு எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பதையும், ஓர் இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் அந்தக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். எஸ்பிஎஃப் சரிபார்ப்பது வாடிக்கையாளர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியை அல்ல; திரும்பி வரும் அஞ்சல்களுக்கென உள்ளே குறிக்கப்படும் முகவரியை. பில் சேவைகள் பலவும் அந்த இடத்தில் தங்கள் டொமைனையே வைப்பதால், எஸ்பிஎஃப் தேறினாலும் அந்தத் தேர்ச்சி உங்கள் பெயருக்கு வந்து சேராது. எனவே அந்தச் சேவையிலும் கூகுளிலும் தனித்தனியே, உங்கள் டொமைன் பெயரிலேயே டிகிம் கையொப்பத்தை (அஞ்சல் உங்கள் டொமைனின் அனுமதியோடு வந்தது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) அமைத்தாக வேண்டும். செலக்டர் (ஒவ்வொரு டிகிம் பதிவையும் அடையாளம் காட்டும் பெயர்) வெவ்வேறாக இருக்கும்வரை டிகிம் பதிவுகள் எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாது. கூகுளில் பதிவை வெளியிட்ட பின் அட்மின் கன்சோலில் அங்கீகாரத்தைத் தொடங்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். பலர் தவறவிடும் படி இது. டிஎன்எஸ் பதிவுகளைச் சேர்க்கும் திரைகள் பலவும் பதிவின் பெயரின் இறுதியில் டொமைனைத் தாமே சேர்த்துக்கொள்ளும் என்பதால், முழுப் பெயரையும் தட்டச்சு செய்தால் டொமைன் இரண்டு முறை வந்து பதிவு கண்டுபிடிக்க முடியாததாகிவிடும்.

அடுத்தது டிமார்க்; எஸ்பிஎஃப், டிகிம் இரண்டுமே உங்கள் டொமைன் பெயரில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் கொள்கை இது. நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தாலும், பில் அனுப்பும் நிறுவனம் என்பதால் இதை அவசியம் வையுங்கள் என்பேன். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி உங்கள் முகவரியிலிருந்தே வருவதுபோல் ஒரு போலி பில் போனால், இழப்பு உங்களை நம்பிய வாடிக்கையாளருக்குத்தான். கொள்கையை முதலில் ‘நன்’ (none, எந்த நடவடிக்கையும் வேண்டாம்) என வைத்து, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியையும் கொடுங்கள். நீங்கள் மறந்துபோன இணையதளப் படிவம் போன்றவையும் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்புவது அவற்றில் தெரியவரும். உங்கள் பெயரில் முறையாக அனுப்புபவை எல்லாம் தேறிய பிறகே ‘குவாரன்டைன்’ (quarantine, சந்தேகத்துக்குரியதென ஒதுக்கு), அதன் பின் ‘ரிஜெக்ட்’ (reject, நிராகரி) என இறுக்குங்கள். ‘நன்’ நிலையில் இருக்கும்வரை போலி அஞ்சலைத் தடுக்கும்படி நீங்கள் கேட்டதாக ஆகாது.

மாற்றங்கள் முடிந்து சில மணி நேரம் கழித்து, கூகுளிலிருந்து ஒன்றும் பில் சேவையிலிருந்து ஒன்றுமாக, உங்கள் தனிப்பட்ட ஜிமெயில் முகவரிக்கு அஞ்சல் அனுப்பி, அவற்றின் அசல் வடிவத்தைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் டிகிம், டிமார்க் ஆகியவற்றுக்கு எதிரே ‘பாஸ்’ என்றிருக்க வேண்டும். டிகிம் வரியில் காணப்படும் டொமைன் உங்களுடையதாகவும் இருக்க வேண்டும்.