கேம் செய்யப் புறப்படுமுன்: கேள்வி-பதில்

இந்த முறை பதினொரு கடிதங்கள். இரண்டில் கேள்வியே இல்லை, கதை மட்டும்தான். மிச்சத்துக்குப் பதில் கீழே.

ஒரு வீடியோ கேம் செய்ய எவ்வளவு முடியும் சேர்?
– களுவாஞ்சிக்குடி

வள்ளம் வாங்க எவ்வளவு முடியும் என்று கடற்கரையில் போய்க் கேட்டுப் பாருங்கள். தோணியா, எஞ்சின் பூட்டியதா, பலநாள் படகா என்று திருப்பிக் கேட்பார்கள். நானும் கேட்கிறேன். எத்தனை பேர்? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? எந்தப் போனில் ஓட வேண்டும்? தொடங்கி முடிக்க எத்தனை நிமிடம்? நான்கையும் எழுதி அனுப்புங்கள். அதுவரைக்கும் என் பதில்: உங்களிடம் இருப்பதைவிடக் கூட.

ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை நான்கு நண்பர்கள் சும்மா இருக்கிறோம். நகரமெங்கும் சுற்றித் திரியும் ஜி.டி.ஏ. கேம் மாதிரி மட்டக்களப்பு நகரத்தை 3டியில் செய்து ஆறு மாதத்தில் வெளியிட நினைக்கிறோம். சாத்தியமா?
– ஆரையம்பதி

இல்லை தம்பிமார். கோபிக்காமல் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர், நாளுக்கு நான்கு மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், 26 கிழமை. ஏறக்குறைய 2,000 மணித்தியாலம். கரண்ட் போகும், காய்ச்சல் வரும், கோயில் திருவிழா வரும், நால்வரில் ஒருவருக்குக் கட்டார் விசா வரும். கால்வாசியைக் கழித்தால் 1,500. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கல்லடிப் பாலம் வரை 150 கட்டடம் மட்டும் என்று வைப்போம். இப்போதுதான் பழகுகிற ஒருவர் ஒரு கட்டடத்தை வடித்து நிறம் பூச 10 மணித்தியாலம். அந்த 1,500ம் போய்விட்டது. இன்னும் ஒரு மனிதன் நடக்கவில்லை, ஒரு ஓட்டோ ஓடவில்லை.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேமை எரிக் பரோன் தனியாளாகச் செய்து 2016இல் வெளியிட்டார். 2டி. நாலரை வருடம் எடுத்தது.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு நல்ல சாமான் கிடக்கிறது. பாலத்துக்குக் கீழே தோணியில் போய்ப் பாடும் மீன் கேட்பது ‘ஒரு சின்ன மிஷன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கேம். பூரணை இரவு, ஒரு தோணி, கறுத்த தண்ணீர். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் ஒலி வர வேண்டும், எந்தப் பக்கம் கூடுகிறது என்று தேடித் தேடி வலிக்க வேண்டும். கட்டடம் எதற்கு? இருட்டில் தூரத்து வெளிச்சம் நாலு போதும். இதில் பயமான இடம் ஒலி. ஹெட்போனில் கேட்பவருக்கு இடமா வலமா, கிட்டவா தூரமா என்று தெரியாவிட்டால் கேமே இல்லை. ஆகவே தோணியை வரையாதீர்கள். ஒரு சதுரத்தை நகர்த்தி ஒலியை மட்டும் இரண்டு கிழமை செய்து பாருங்கள். பயமான இடத்தை முதலில் தொட வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தரம் சொல்வேன்.

நூறு பேர் ஒன்றாகச் சண்டை பிடிக்கும் ஒன்லைன் கேம். சேர்வரை வாடகைக்கு எடுத்தால் போதும்தானே?
– ஓட்டமாவடி

சேர்வர் கிடைக்கும். ஆட்கள்? ஒருவர் நாளுக்கு அரை மணித்தியாலம் விளையாடினால், எந்நேரமும் நூறு பேர் உள்ளே நிற்க நாளொன்றுக்கு 4,800 பேர் வர வேண்டும். ஐயாயிரம் என்று வையுங்கள். அதுவும் ஒரேயொரு மைதானத்துக்கு. பப்ஜியில் நூறு பேர், ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர் இறங்குவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். உங்கள் கேமுக்கு முதல் நாள் வருபவர் வெறும் வெளியில் தனியே நின்றுவிட்டு அழித்துவிடுவார். நூறுதான் வேண்டும் என்று பிடிவாதமென்றால், இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டும் திறவுங்கள். நானூறு பேர் போதும். அந்த நானூறு பேரும் யார் என்று இப்போதே சொல்ல முடியாவிட்டால், ஒரே போனில் இரண்டு பேர் விளையாடும்படி மாற்றுங்கள்.

வடமோடிக் கூத்தின் ஆட்டங்களைக் கற்பிக்கும் கேம் ஒன்றை இறுதியாண்டு வேலையாகச் செய்கிறோம். யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் முழுவதையும் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, கடைசிக் கிழமை தமிழை ஏற்றலாம் என்று திட்டம். எழுத்துத்தானே?
– வந்தாறுமூலை

எழுத்துத்தானே! இந்தச் சொல்லை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பேனோ தெரியாது.

நானும் இப்படித்தான் நினைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளையாட்டு. எல்லாம் முடிந்து, தமிழை ஏற்றிப் போனைக் கையில் எடுத்தேன். திரையில் கொக்குப் படம் வந்தது. கீழே ‘க’ தனியே நிற்கிறது. கொம்பும் அரவும் ஒன்றாக அதன் வலப்பக்கத்தில் போய்க் குந்தியிருக்கின்றன. தேனும் அப்படி, யானையும் அப்படி. எழுத்துப் படிக்கும் பிள்ளைக்குப் பிழையான எழுத்தைக் காட்டும் கேம். ஒரு மாதம் தள்ளிப்போனது.

காரணம் எளிது. கணினியும் போனும் எழுத்தைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு. அந்தக் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது எழுத்துருவும் எழுத்தைக் கோக்கும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. பிரவுசரில் அது ஒழுங்காக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. யூனிட்டியில் எழுத்தைக் காட்ட எல்லோரும் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ்-புரோ அந்த வேலையைச் செய்யாது, வந்த வரிசையில் அடுக்கிவிடும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கொடோ 4இல் எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, சரியாக வரும். கொடோ 3இல் வராது. அன்ரியல் என்ற மென்பொருளிலும் வரும்.

சிலர் ‘நாங்கள் போட்டுப் பார்த்தோம், சரி’ என்பார்கள். என்ன சொல் போட்டீர்கள் என்றால், ‘மாமாங்கம்’. அந்தச் சொல்லில் ஒரு கொம்புகூட இல்லையே! ‘கொக்கு’, ‘தேன்’, ‘யானை’, ‘வௌவால்’, ‘ஸ்ரீ’ என்று போட்டுப் பாருங்கள். அதுவும் கணினியில் இல்லை, போனில்.

யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவைப் போட்டுத் தப்பலாம் என்று ஒரு குறுக்கு வழி நம் பக்கத்தில் உலாவுகிறது. உண்மைதான், பார்க்கச் சரியாக இருக்கும், ஏனென்றால் அதில் கொம்பை முதலே தட்டுகிறோம். ஆனால் விளையாடுபவர் தன் பெயரைத் தன் போன் விசைப்பலகையால் எழுதும்போது யூனிகோட் வரும், பாமினிக்கு அது தெரியாது. பெயர் கேட்காத சின்னக் கேமுக்குச் சரி. வசனத்துக்கு வசனம் பேசுகிற கூத்துக்கு வேண்டாம்.

இடமும் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு அளவாகச் செய்த பொத்தானுக்குள் ‘மீண்டும் விளையாடு’ அடங்காது. எல்லா வசனத்தையும் புரோகிராம் கோடுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வைத்தால், பிறகு ஒவ்வொரு திரையாகக் கிண்டத் தேவையில்லை.

ஆக, உங்கள் திட்டத்தில் பயமான இடம் கூத்தாடுபவரின் கால் அசைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டாவது. முதலாவது நாள், முதலாவது வேலை: வெறுந்திரையில் ‘கொக்கு’.

பிளே ஸ்டோரில் போட 25 டொலர், அவ்வளவுதானே?
– கல்முனை

பதிவுக்கு அவ்வளவுதான், ஒருமுறை கட்டினால் போதும். ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆனால் தனியாள் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்தால், கேமை வெளியிடுமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதன் சோதனையில் இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரை முதலே பிடியுங்கள். ஆப்பிள் வருடாவருடம் 99 டொலர். கணினிக் கேம் விற்கும் ஸ்டீம் ஒரு கேமுக்கு 100, ஆயிரம் டொலர் விற்றால் திருப்பித் தருவார்கள், விற்பனையில் முப்பது வீதம் எடுப்பார்கள். அப்புறம் பணம் எந்த வழியால் உங்கள் வங்கிக்கு வரும் என்று விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

படமும் புரோகிராம் கோடும் ஏ.ஐ. தரும்போது ஆள்கணக்கு எதற்கு?
– நிந்தவூர்

தந்ததைப் பார்த்துத் திருத்துபவரின் மணித்தியாலத்தை எழுதத்தான். ஸ்டீமில் போடுவதென்றால், விளையாடுபவர் பார்க்கும் படத்துக்கு ஏ.ஐ. பாவித்ததைச் சொல்லவும் வேண்டும்.

நண்பர் படம் வரைந்து தருகிறார். லாபத்தில் பாதி என்று வாயால் பேசியிருக்கிறோம்.
– செங்கலடி

லாபம் வராவிட்டால் அவருக்கு என்ன? நடுவில் விட்டுப் போனால் படங்கள் யாருக்கு? இரண்டையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். நட்பு முறியாது. தாள் இல்லாமல் முறிந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் போனில் அருமையாக ஓடுகிறது. வேறு சோதனை வேண்டுமா?
– திருக்கோவில்

உங்கள் போன் என்ன விலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2 ஜி.பி. நினைவகம் உள்ள, திரை வெடித்த போன் ஒன்றை வீட்டில் யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பாருங்கள். தொடங்கி இரண்டாம் கிழமையிலேயே.

நீங்கள் முன்பு சொன்னபடி இரண்டு கிழமையில் கேமின் சின்ன மாதிரி ஒன்று செய்தேன். நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்குத்தான் திருப்தியில்லை. விட்டுவிடுவதா?
– பொத்துவில்

என்கிறவர்கள் யார்? உங்கள் தம்பி, மச்சான் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிமார் பொய் சொல்வார்கள். டியூஷன் முடிந்து வெளியே வரும் தெரியாத பிள்ளைகள் ஐந்து பேரிடம் போனைக் கொடுங்கள். ‘இதை அமத்து’ என்று சொல்ல வாய் வரும், சொல்லாதீர்கள். அவர்கள் கண் எங்கே போகிறது, விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ‘மறுகா ஒருக்கா தாங்க’ என்று ஒரு பிள்ளை கேட்டால் தொடருங்கள். ஐந்து பேரும் மரியாதையாகப் போனைத் திருப்பித் தந்துவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள், இரண்டு கிழமைதானே போனது.