மழை நின்ற பிறகும் லைன் ஏன் வரவில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொழிலில் இருந்து வந்திருக்கின்றன. கட்டுமானத் தளங்களுக்கும் ஊழியர் தங்குவிடுதிகளுக்கும் கம்பியில்லா இணையம் கொடுக்கிற சின்ன நிறுவனங்கள். வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்ட சிங்கப்பூரில் இதெல்லாம் இன்னும் யாருக்கு என்று கேட்காதீர்கள். ஒன்றரை வருடத்தில் கழற்றிக்கொண்டு போகப்போகிற தள அலுவலகக் கன்டெய்னருக்காக யாரும் சாலையைத் தோண்டிக் கேபிள் போடுவதில்லை. நானும் சில வருடம் இந்த வேலை பார்த்தவன்தான், கூரை ஏறி இறங்கியதை இரண்டு முழங்காலும் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: துவாஸ் பக்கம் இரண்டு கூரைகளுக்கு இடையே 900 மீட்டர் கம்பியில்லா லிங்க் ஓடுகிறது, அலைவரிசை 5.8 கிகாஹெர்ட்ஸ். மழை பெய்தால் விழுந்துவிடுகிறது. நின்று ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத் தானாக வருகிறது. சாமான் விற்றவரைக் கேட்டால், "நம்ம ஊர் மழைக்கு இது தாங்காது, 60 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்" என்கிறார். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். அவர் சொன்னது தலைகீழ். அலைவரிசை ஏற ஏற மழை அதிகமாகத்தான் தின்னும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிற மழையில் 5.8 கிகாஹெர்ட்ஸ் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபெல்தான் (சிக்னல் இழப்பை அளக்கிற அலகு) இழக்கும். அதே மழையில் 60 கிகாஹெர்ட்ஸ் 25 டெசிபெலுக்கு மேல் இழக்கும். போதாததற்குக் காற்றில் இருக்கிற ஆக்சிஜனே மழை இல்லாத நாளிலும் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் எடுத்துக்கொள்ளும். ஒரே வளாகத்தில் எதிரெதிர் கூரைகள், 200, 300 மீட்டர் என்றால் 60 அருமையான சாமான், வேகமும் அள்ளும். 900 மீட்டருக்கு, அதுவும் மதியம் மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற இந்த ஊரில், நான் போடமாட்டேன்.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. காற்றில் பெய்கிற மழைதான் காரணம் என்றால் மழை நின்ற நிமிடமே லைன் வந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வருகிறது என்றால் ஏதோ ஒன்று நனைந்து, பிறகு காய்கிறது. கேபிளோ கனெக்டரோதான். கூரையில் இருக்கிற ரேடியோப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். சிக்னல் அளவு வெயிலிலும் மழையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறதா? எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டுகிற கணக்கு மழைக்குப் பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? கேபிள் செருகுகிற ஈத்தர்நெட் போர்ட்டின் வேகம் 1000-லிருந்து 100-க்கோ 10-க்கோ இறங்குகிறதா? முதலாவது ஆமாம், மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று ஆமாம் என்றால் ரேடியோவில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர் கம்பிக்குள் போகிறது.

கூரைக்கு ஏறுங்கள். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் செப்புக் காலில் பச்சை படிந்திருக்கும், பந்தயமே கட்டலாம். வீட்டுக்குள் போடுகிற கேபிளை வெளியே இழுத்திருந்தால் இந்த வெயிலில் அதன் மேலுறை வெடித்துவிடும். வெளிப்புறக் கேபிள், அதுவும் முழுச் செம்பு, வாங்கிப் போடுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதே கம்பியில்தான் மின்சாரமும் மேலே போகிறது என்பதால் நீளம் கூடக்கூட வோல்டேஜ் குறைந்து ரேடியோ தானாக ரீஸ்டார்ட் ஆகும். பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நான் பார்த்த பாதிக் கூரைகளில் இந்த ஒரு வளைவு இல்லாததுதான் கோளாறு.

மழை இல்லாத நாளிலும், வேலை நேரத்தில் மட்டும் லைன் ஆடுகிறதா? அப்போது பாரந்தூக்கியைப் பாருங்கள். எதிர் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, நடுவில் அலைக்குச் சுற்றிலும் இடம் வேண்டும். 900 மீட்டர் தூரத்தில் 5.8-க்கு நடுப்புள்ளியில் அந்த இடத்தின் ஆரம் சுமார் 3.4 மீட்டர், அதில் 60 விழுக்காடாவது, அதாவது இரண்டு மீட்டராவது, காலியாக இருக்க வேண்டும். ஆன்டெனா வைத்த நாளில் காலியாக இருந்த இடத்தில் இன்று ஐந்தாவது மாடி எழும்பிக்கொண்டிருக்கும். கட்டுமானத் தளத்தில் லிங்க் போடுகிறவர்கள் பில்டரிடம் அடுத்த ஆறு மாதத்துக்கான வேலைத் திட்டத்தைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் வெப்சைட், ஈமெயில், பில்லிங் எல்லாம் எங்கள் ஆபீஸ் சர்வரிலேயே ஓடுகின்றன. ஹோஸ்டிங் காசு மிச்சம் என்று நினைத்தோம். போன மாதம் லைன் மொத்தமாகப் போனதும் எல்லாம் சேர்ந்து போய்விட்டது, வாடிக்கையாளர்கள் போனில் கண்டபடி திட்டினார்கள். இரண்டாவது லைன் ஒன்று எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஓரளவுக்கு. ஆனால் உங்கள் சிக்கல் லைன் எண்ணிக்கையில் இல்லை, வீடு தீப்பிடித்தால் கூப்பிட வேண்டிய நம்பரை அந்த வீட்டுச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக்குக்கே இதுதான் நடந்தது. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்கள் தரவு மையங்களை இணைக்கிற முதுகெலும்பையே முறித்தது. அதைப் பார்த்து டிஎன்எஸ் சர்வர்களும் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்கிறவை), தங்களை அடைய இதுதான் வழி என்று இணையத்துக்குச் சொல்கிற அறிவிப்பை விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் இல்லை. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் பயன்படுத்தும் கருவிகளும் அதே வலைக்குள்தான் இருந்தன, ஆளை நேரில் அனுப்பித்தான் திறக்க வேண்டியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாதது. வெப்சைட்டை வெளியே ஒரு ஹோஸ்டிங்கில் வையுங்கள். டிஎன்எஸ்-ஸும் வெளியே இருக்கட்டும், சைட்டை மட்டும் நகர்த்திவிட்டு டிஎன்எஸ்-ஸை ஆபீஸிலேயே விட்டால் நகர்த்தியதில் பயனே இல்லை. டொமைன் பதிவு செய்த கணக்கின் ஈமெயில் உங்கள் சொந்த டொமைனில் இருக்கக்கூடாது. டொமைனில் கோளாறு வந்து பாஸ்வேர்டை மாற்றப் போனால், மாற்றுகிற கடிதம் கோளாறான அதே டொமைனுக்குத்தான் வரும். என் நிறுவனத்தில் ஒரு தடவை இப்படி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தவித்தோம், அடையாளத்தை நிரூபிக்கக் காகிதம் காகிதமாக அனுப்பினேன். ஆபீஸ் போனும் இணையம் வழியாக ஓடினால் அதுவும் சேர்ந்துதான் சாகும், ஒரு சாதாரணக் கைப்பேசி எண்ணையாவது பில்லில் அச்சடித்துவிடுங்கள்.

அப்புறம், "இப்போது நிலவரம் என்ன" என்று சொல்ல ஒரே ஒரு பக்கம், வேறு டொமைனில், வெறும் எழுத்தாக. கூரை மேல் நின்றுகொண்டே கைப்பேசியில் அதை மாற்ற முடிய வேண்டும். லைன் போனவர் தன் கைப்பேசி டேட்டாவில்தான் அதைப் பார்ப்பார், தங்குவிடுதித் தம்பிக்கு அந்த டேட்டாவும் அளந்துதான் இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கிற பெண்ணின் படத்தை நான்கு மெகாபைட்டில் அவர் தலையில் கட்டாதீர்கள். "துவாஸ் பகுதி 2.40 முதல் இல்லை. கேபிள் மாற்றுகிறோம். அடுத்த தகவல் 4 மணிக்கு." இவ்வளவுதான். நான்கு மணிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று போடுங்கள், திட்டுகிற போன் பாதியாகக் குறையும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொந்த சர்வர் என்பதால் சொல்கிறேன். வெப்சைட் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகக் கொடுக்கிறது, அதற்கு வழக்கமான ஆயுள் 90 நாள். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று ஈமெயில் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். புதுப்பிக்கிற வேலை பல இடங்களில் சர்வரின் 80-ஆம் போர்ட் என்கிற வாசல் வழியாகத்தான் நடக்கிறது. யாரோ பாதுகாப்புக்காக அந்த போர்ட்டை மூடினால் ஒன்றும் தெரியாது, திடீரென ஒரு காலையில் "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று வாடிக்கையாளருக்குச் சிவப்பாகக் காட்டும், இணையம் விற்கிறவருக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை.

கேள்வி: மாத பில் அனுப்பினால் ஜிமெயிலில் ஸ்பேமுக்குள் போய்விடுகிறது. பணம் கட்டாதவர்களுக்கு இது நல்ல சாக்காகிவிட்டது.

பதில்: 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடி கூடிவிட்டது. கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் உங்கள் டொமைனில் போடுங்கள், டிமார்க்கும் போட்டுவிட்டால் நல்லது. ஹோஸ்டிங் கொடுப்பவரிடம் இந்த மூன்று பெயரைச் சொன்னால் போதும், அரை மணி நேர வேலை. பில்லிலேயே பணம் கட்டுகிற பேநவ் க்யூஆர் இருக்கட்டும். சாக்குச் சொல்கிறவர் அப்போதும் ஒரு சாக்குச் சொல்வார்.

கேள்வி: ஒரே கம்பெனி ரேடியோ, அதே மாதிரி பெட்டி. பழைய அடாப்டரில் புதுசைப் போட்டதும் உயிரே இல்லை. வாரண்டியில் வருமா?

பதில்: அடாப்டரின் முதுகைப் படியுங்கள். சில பெட்டிகளுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48. கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புவதில் இரண்டு ஜாதி உண்டு. தரப்படுத்தப்பட்ட 802.3ஏஎஃப், ஏடி வகை எதிர்முனையிடம் கேட்டுவிட்டுத்தான் மின்சாரம் அனுப்பும். பேசிவ் வகை கேட்காமலே தள்ளும். புதுசு 48 கேட்டுப் பழசு 24 கொடுத்திருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள், சரியான அடாப்டரைப் போட்டால் எழுந்துகொள்ளும். மாறி நடந்திருந்தால் மூக்கை வைத்துப் பாருங்கள், கருகிய வாசனை வந்தால் வாரண்டியை மறந்துவிடலாம். அடாப்டர் ஒவ்வொன்றிலும் இன்றைக்கே மார்க்கரால் வோல்டேஜைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் தங்குவிடுதியில் 700 பேருக்கு சேவை கொடுக்கிறோம். வெப்சைட் ஃபாரத்தில் பெயர், அடையாள எண், அட்டையின் படம் எல்லாம் வாங்குகிறோம். சைட்டைச் செய்துகொடுத்த அக்கா மகன் ஆஸ்திரேலியா போய்விட்டான். டொமைன் அவன் பெயரில் இருக்கிறது. ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, அக்கா மகன் அதில் சின்ன ஆபத்துதான். முதலில் அந்த அட்டைப் படங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் ஒழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய அவசியம் இருந்தால் ஒழிய, நிறுவனங்கள் அடையாள எண்ணையோ அட்டை நகலையோ வாங்கிவைக்கக்கூடாது. வேலை அனுமதி எண்ணையும் அதே மாதிரிதான் நடத்த வேண்டும். உங்கள் உரிமத்தின் நிபந்தனையில் எதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துப் படியுங்கள். அதில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், பாதுகாப்பான இடத்தில் வையுங்கள், மற்றதை அழியுங்கள். உரிமமா, அது எதற்கு என்று கேட்பீர்களானால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பக்கத்துக்குப் போங்கள், இணையத்தைக் காசுக்கு விற்க உரிமம் வேண்டும்.

சைட் வேர்ட்பிரஸ்ஸில் இருந்து, அவன் போனபிறகு யாரும் அப்டேட் செய்யவில்லை என்றால், ஃபாரம் வாங்குகிற பிளக்கின் (சைட்டோடு சேர்த்த துணை மென்பொருள்) வழியாக வெளியாள் உள்ளே வருவது நடக்கக்கூடியதுதான். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தால், அது தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று உறுதியானதிலிருந்து மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் 700 பேர். அட்டைப் படம் சர்வரிலேயே இல்லை என்றால் திருட வந்தவனுக்கும் அதை எடுக்க வழியில்லை, நான் முதலில் அந்த ஃபாரத்தின் அப்லோட் பொத்தானைத்தான் தூக்குவேன்.

டொமைன் விஷயம் லேசானது. அக்காவைக் கோபப்படுத்தாமல் அவனிடம் பேசி நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். டாட் எஸ்ஜி டொமைனாக இருந்தால் நிர்வாகத் தொடர்பாளராக இருப்பவர் சிங்பாஸ் என்கிற அரசாங்க மின்னடையாளம் மூலம் உறுதி செய்ய வேண்டியிருக்கும், அது நீங்களாக இருங்கள். புதுப்பிக்கிற கிரெடிட் கார்டு யாருடையது என்றும் பாருங்கள், அவன் அட்டை காலாவதியாகிற அன்று உங்கள் சைட்டும் காலாவதியாகும்.

கேள்வி: ஊரில் தம்பி கேபிள் டிவி நடத்துகிறான், பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையமும் தொடங்கியிருக்கிறான். சிம் லிம் மின்னணுக் கடைத்தொகுதியில் பழைய ரேடியோ மலிவாகக் கிடைக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது பத்துப் பதினைந்து எடுத்துப் போகட்டுமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. கம்பியில்லாக் கருவிகளை இந்தியாவுக்குள் கொண்டுபோக அந்த மாடலுக்கு அங்கே அரசாங்கத்தின் வகை ஒப்புதல் வேண்டும், பதினைந்து ரேடியோ உள்ள பெட்டியைச் சுங்கத்தில் திறந்தால் தீபாவளி விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். பழைய சாமானில் பழைய ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஓடுகிற மென்பொருள்) இருக்கும். 2016-இல் யுபிகிட்டி ரேடியோக்களில் தானாகப் பரவுகிற ஒரு கெட்ட மென்பொருள் (வோர்ம், அதாவது புழு) பரவியது, 2018-இல் மைக்ரோடிக் ரவுட்டர்களின் பாதுகாப்பு ஓட்டை ஒன்றின் வழியாக உலகம் முழுக்க உள்ளே புகுந்தார்கள். இரண்டிலும் திருத்தம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். தம்பிக்கு உதவ நினைத்தால் கனெக்டர் கடிக்கிற நல்ல கிரிம்பிங் கருவி ஒன்றும் கேபிள் டெஸ்டர் ஒன்றும் வாங்கிக்கொடுங்கள். பெட்டியில் மிச்ச இடத்துக்கு மைலோ டின்.