குச்சிக்காலம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். இலையுதிர்காலத்தை நிதானமாக அனுபவிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன். கொலு, தீபாவளி, ஹாலோவீன் என்று வார இறுதிகள் தீர்ந்துவிடுகின்றன. இம்முறை இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஹாம்ப்ஷயரின் கான்கமாகஸ் நெடுஞ்சாலைக்குப் போனபோது மழையும் காற்றும் இலைகளை முன்பே கொட்டிவிட்டிருந்தன. கடைகளில் இப்போதே கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒலிக்கின்றன. டிசம்பர் பரபரப்புக்கு முன் மீதமுள்ள வாரங்களில் பிள்ளைகளோடு என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? ‘இலையுதிர்காலம்’ சரியான தமிழ்ச் சொல்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொல்லைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். உங்கள் வாசலில் இலை உதிர்கிறது, பெயர் பொருந்துகிறது. கடைகளைப் பற்றிய புகார் மிகப் பழையது. 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. தாங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலல் பண்டிகைக்குரிய கடைசி வியாழன் 30ஆம் தேதியில் விழுந்ததால், அதன் பின்னே தொடங்கும் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் அந்தப் பண்டிகையையே ஒரு வாரம் முன்னே நகர்த்தினார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. 1941இல் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்த பிறகே அந்தக் கூத்து அடங்கியது. எப்படியானாலும், அந்தப் பாடல் காதில் விழுவதற்கு நீங்கள் கடைக்குள் நிற்க வேண்டுமல்லவா?

என்னை உறுத்தியது உங்கள் ‘மீதமுள்ள வாரங்கள்’ என்ற சொற்கள்தான். வேலையும் பிள்ளைகளுமாக ஓடிக் களைத்திருக்கிறீர்கள்; அது புரிகிறது. ஆனால் எந்த ஊரில் எந்தத் தேதியில் வண்ணம் உச்சத்தை எட்டும் என்று வரைபடம் பார்த்து, விடுதி பதிவுசெய்து, வாகன நெரிசலில் ஊர்ந்து, படமெடுத்துத் திரும்புகிற உங்கள் அக்டோபர், கடைக்காரரின் டிசம்பரை விட எந்த வகையில் நிதானமானது? இப்போது பட்டியல் வேறு கேட்கிறீர்கள். தர மாட்டேன்.

நானும் இதே பேதைமையில் இருந்தவன்தான். பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்ததென்று ஒரு நவம்பர் நடுவில் வெர்மாண்ட்டில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போனேன். மலை முழுவதும் சாம்பல் நிறம். மாலை நாலரைக்கே இருட்டு. தவறான மாதத்தில் வந்துவிட்டோமே என்று இரண்டு நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கணப்பருகே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், எண்பதைக் கடந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார். இலை விழுந்து முடிந்து பனி விழத் தொடங்காத அந்த இடைவெளிக்கு அங்கே ‘ஸ்டிக் சீசன்’ என்று பெயர், குச்சிக்காலம்.

காட்டின் நடுவே சாந்து பூசாமல் அடுக்கிய இடுப்புயரக் கல்வேலி ஒன்று, எந்த வீட்டுக்கும் எந்த வயலுக்கும் உரியதாகத் தெரியாமல், மரங்களுக்கிடையே ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. காட்டுக்குள் யார் வேலி போடுவார்கள் என்று கேட்டேன். அப்போது இது காடில்லை என்றார் அவர். 1840 வாக்கில் அந்தச் சிறு மாநிலத்தில் ஆளுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட செம்மறிகள் இருந்தன. அவற்றின் மேய்ச்சலுக்காக மலைகளை மொட்டையடித்திருந்தார்கள். என்றோ பனியாறு விட்டுச்சென்ற கற்களைக் குளிர்கால உறைபனி ஆண்டுதோறும் மண்ணுக்கு மேலே தள்ள, குடியானவர்கள் அவற்றைப் பொறுக்கி எல்லையில் அடுக்கினார்கள். பிறகு கம்பளி விலை சரிந்தது, மேற்கே நல்ல நிலம் கிடைத்தது, குடும்பங்கள் கிளம்பிப் போயின, காடு திரும்பி வந்தது. இன்று வெர்மாண்ட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடுதான். நீங்கள் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் மேப்பிள் மரங்களில் பல, யாரோ கைவிட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் முளைத்தவை. அக்டோபரில் அந்த வேலியை இலைகள் மறைத்திருக்கும். சிவப்பைப் பார்த்து வாய்பிளந்து நிற்கும் நமக்கு அதைத் தேடவும் தோன்றாது.

வேலி முடியும் இடத்தில் ஒரு வீட்டின் நிலவறைக் குழி மட்டும் மிச்சமிருந்தது. அதன் விளிம்பில், மற்றவை எல்லாம் மொட்டையாக நிற்கையில், விச் ஹேசல் என்ற புதர்ச்செடி மஞ்சள் நூல்போன்ற இதழ்களோடு பூத்திருந்தது. பீச் மரக் கன்றுகள் வெளிறிய இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு சலசலத்தன. கல்லின் மேல் உட்கார்ந்து பெரியவர் குடுவையிலிருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தார். இருட்டும்வரை நாங்கள் அதிகம் பேசவில்லை.

உங்கள் மாநிலத்திலும் இத்தகைய வேலிகள் ஏராளம். வரும் சனிக்கிழமை ஒன்றைக் கண்டுபிடித்து, அது முடிகிற இடம் வரை பிள்ளைகளோடு நடந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர்கள் அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும். இது மான் வேட்டைக் காலம் என்பதால் எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து செல்லுங்கள். சிறியவரின் தொப்பியும் அதே நிறத்தில் இருக்கட்டும்.